மாடி வீட்டு லைட்டு மேடம்

காபி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதுதான் மனுஷர்கள் செய்வது. எங்கள் மாடியில் குடியிருந்த அந்த அம்மாவுக்கு அது வராது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசிப்பார். கேட்டவளுக்குக் கால் வலிக்க ஆரம்பித்த பிறகு, "பால் நல்லா இருக்குது. டிகாஷனப் பத்தி எதுவும் சொல்ல முடியல. சர்க்கர அத்த மறைக்குது" என்பார். என் மனைவி உள்ளே வந்து என்னிடம் பொருமுவாள்.

"இனிமே அக்காவுக்கு மூணையும் மூணு டம்ளர்ல குடுத்துர்றேன். அவங்களே கலந்துக்கட்டும்."

அப்போது நான் சிரித்தேன். பிற்பாடு இதே குணத்துக்காக அவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது அவர் ஹைதராபாத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நல்லவர் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, அது போதவில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன்.

வேலூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். காலையில் ஆரணியில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். சொந்த ஊர் வெம்பாக்கம் பக்கம். அங்கே அவர் அம்மா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வர வசதி என்று எங்கள் ஊரில் வீடு பிடித்திருந்தார். ஒல்லியான உடம்பு, நாற்பதைத் தாண்டிய வயசு, எப்போதும் பருத்திச் சுடிதார். பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு பட்டுப்புடவை கட்டி நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை என்று தெருவில் ஒரு கட்சி, ஆகி முறிந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. துணிந்து கேட்ட ஒருத்தியிடம் அவர் சொன்ன பதிலைக் கேட்டு, இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டன.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருக்கும். சோற்றைப் பிசையமாட்டார். பரிமாறுகிறவர் வாளியோடு இரண்டு முறை கடந்துபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, சோறு வெறும்ன கீது. சாம்பார் ஊத்தட்டா?"

"ஊத்துங்க. இப்படி ஓரமா ஊத்துங்க. சோத்து மேல வோணாம்."

கலந்ததை அவர் நம்பமாட்டார். அவ்வளவுதான் அவர். பிரித்துப் பார்க்காமல் எதைப் பற்றியும் ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் வாயிலிருந்து வராது. என் அப்பா வாசலில் நின்று, "மழ வருமாம்மா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டால், அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேகம் இருக்குதுங்க ஐயா. காத்தும் இருக்குது. ரெண்டையும் சேத்துவெச்சு நான் இன்னா சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விடுவார். அப்பா என்னைப் பார்ப்பார். நான் மேகத்தைப் பார்ப்பேன்.

என் தங்கைக்கும் என் மனைவிக்கும் ஒருமுறை போனில் பெரிய சண்டை. என் மனைவி மாடிக்குப் போய் அழுதிருக்கிறாள். ஆறுதல் சொல்வார் என்று போனவளிடம் அவர் கேட்டது: "இதுல அவங்க வாயால சொன்னது எது, நீயா நெனச்சிகினது எது? தனித்தனியா சொல்லு பாக்கலாம்." இவளும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறாள். எடுத்து வைக்க வைக்க, தங்கை பக்கம் ஒன்றரை வாக்கியம்தான் மிஞ்சியிருக்கிறது. கீழே இறங்கி வந்தவள் முகத்தில் நிம்மதி இல்லை; யாரோ எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தாள். "நல்லா சண்ட போட்டுகினு இருந்தேன், கெடுத்துட்டாங்க" என்றாள்.

லைட்டு மேடம் என்று பெயர் வந்த கதையையும் சொல்லவேண்டும். அவரிடம் சின்ன டார்ச் ஒன்று இருந்தது. ஊதா வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சம் பட்டால் சில பொருள்கள் தாங்களாகவே ஒளிர ஆரம்பிக்கும். கொடியில் காய்ந்த என் பனியனில் ஒருநாள் அடித்துக் காட்டினார். பனியன் நீலமாகப் பளீரென்று எரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"சுத்தமா தொவச்சிருக்காளா?"

"அது தெரியாது தம்பி. சோப்புத்தூள்ல வெள்ளையாக் காட்டறதுக்குன்னு ஒண்ணு கலக்கறாங்க. அதுதான் ஒளிருது. அழுக்கு போச்சா இல்லியான்னு வேற மாதிரிதான் பாக்கணும்."

இந்த டார்ச்சை எடுத்துக்கொண்டுதான் என் மனைவியோடு ஒரு புடவைக் கடைக்குப் போயிருக்கிறார். வெள்ளை உடம்பு போட்ட புடவையைப் பிரித்ததும் பேசாமல் அதன்மேல் அடித்திருக்கிறார். நடுவில் சில இழைகள் மட்டும் நீலமாக எரிந்தன. "இது தனியா ஒளிருதே" என்று அவர்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறார். கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. அசல் பட்டா என்று சோதிக்க யாரோ ஆபீசர் மேடம் லைட்டோடு வந்திருக்கிறார் என்று பேச்சு அடுத்த கடைக்குப் போய், அங்கிருந்து அடுத்த கடைக்குப் போய், தெருவில் பாதி ஷட்டர் இறங்கிவிட்டது. அப்பாவும் புடவை வியாபாரிதான். வீட்டுத் தறிக்காரர்களிடம் நெய்து வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். அவருக்குப் போன் மேல் போன்.

"உன் வூட்டு மாடியில யாரத்தான்யா குடி வெச்சிகினு கீற?"

அப்பா எல்லோரையும் சமாதானப்படுத்திவிட்டு வந்து லைட்டு மேடத்தைக் கூப்பிட்டார். அவருக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை.

"நான் எதுவும் சொல்லலீங்களே ஐயா. ஒளிருதுன்னுதான் சொன்னேன்."

"ஒளிருதுன்னு சொன்ன பாரு, அதாம்மா பேஜாரு."

அப்பாவுக்கு அவர்மேல் கோபமே வராது. மாடிக்கு முதல் பலாச்சுளையும் முதல் மாம்பழமும் அவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பாவிடமும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டு வெளியே போகிற எந்தக் காகிதமும் மூலைக்கு மூலை மஞ்சள் வைக்காமல் போகாது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பார்கள், ஜாதகத்துக்கு வைப்பார்கள். அப்பா பேங்க் லோன் விண்ணப்பத்துக்கும் வைப்பார். என் பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு வைத்த மஞ்சள் என் போட்டோவின் கன்னத்தில் வழிந்து, பரீட்சை ஹாலில் ஒருத்தர் என்னையும் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் வாங்கியபோது வந்த வாரண்டி அட்டைக்குக்கூட வைத்தார். வெறும் காகிதத்தை அனுப்பினால் வெறும் காகிதமாகத்தான் திரும்பி வரும் என்பது அவர் கணக்கு.

நான் பட்டுத் தறிக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மயில் படம் ஒன்றைக் கொடுத்தால், அதில் இருக்கிற நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்த இழை எங்கே மேலே வரவேண்டும் என்று வகுத்துக் கொடுக்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு மயில் பச்சை. பிரித்தால் அந்தப் பச்சைக்குள் நாலு பச்சை இருக்கும். லைட்டு மேடம் சிலநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

"எங்க லேப்லயும் இதே வேலதான் தம்பி. ஒரு மெல்லிசு குழாய். உள்ள பொடி மாதிரி ஒண்ண இறுக்கி அடச்சிருப்போம். ரத்தமோ எதுவோ, அத்தத் தண்ணியாக்கி அழுத்தி உள்ள அனுப்புவோம். உள்ள போறப்போ எல்லாம் ஒண்ணாத்தான் போவும். பொடியோட சில பேரு ஒட்டிகினு மெதுவா வருவாங்க, சில பேரு ஜல்தியா வந்துருவாங்க. வாசல்ல லைட்டு போட்டு உக்காந்துகினு, யாரு எப்ப வர்றாங்க, எவ்ளோ ஒளிர்றாங்கன்னு பாப்போம்."

எனக்கு அப்போது அது கதை மாதிரி இருந்தது. வேலை முடிந்ததும் மறந்துவிட்டேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது அதற்குப் பிறகுதான். பாப்பாவுக்கு மூன்று மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் சிவந்து தடித்தது. தலைமுடி தலையணையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கழுத்து நிற்கவில்லை. திடீர் திடீரென்று கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். வலிப்பு என்ற சொல்லை யாரும் வீட்டுக்குள் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் மனைவி என் அத்தை பெண். குழந்தை டாக்டர் முதல் கேள்வியாக, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்றார். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது.

கனமான காகித அட்டையில் வட்டம் போட்டிருந்தது. பாப்பாவின் குதிகாலில் குத்தி, அந்த வட்டங்களில் ரத்தச் சொட்டு வைத்து, இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தார்கள். காயவைத்து ஒன்றைச் சென்னையில் ஒரு லேபுக்குக் கொரியரில் அனுப்பவேண்டும், இன்னொன்று கையிருப்பு. ரத்தத்தில் இருக்கவேண்டிய ஒரு என்சைம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இது என்றார் டாக்டர். அப்பா இரண்டு அட்டைக்கும் மஞ்சள் வைத்தார். வைக்காமல் இருந்திருந்தால்தான் நான் கவனித்திருப்பேன். கையிருப்பு அட்டை சாமி அலமாரியில் இருந்தது.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது.

அன்றைக்கு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். பயப்பட வேண்டாம், இது வேறு ஏதாவது சாதாரண வலிப்பாக இருக்கும், மருந்தில் சரியாகும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தேவிகாபுரம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துவதாக அப்பா வேண்டிக்கொண்டார். நான் பொங்கல் கிண்ணத்தோடு மாடிக்குப் போய் ரிப்போர்ட்டையும் காட்டினேன். அவர் பொங்கலைத் தொடவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குது தம்பி" என்றார். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை.

"நல்லா இருந்தா நல்லதுதானேக்கா?"

"எனக்கே இவ்ளோ நல்லா இருக்காது. இத்தினி என்சைம் இருக்கற கொழந்தைக்கு முடி ஏன் கொட்டுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல சேதியைக்கூடச் சும்மா விடமாட்டாரா இவர்? காபியில் குறை கண்டுபிடித்தது போதாதா? கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடுகூட இறங்கி வந்துவிட்டது. பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் தலையைத்தான் பார்த்தேன். மருந்து மாறியது, இழுப்பு நிற்கவில்லை. நார்மல் என்கிற காகிதம் ஒரு கையில், துவண்டு கிடக்கிற குழந்தை இன்னொரு கையில். எதை நம்புவது என்று தெரியாமல் சில வாரம் ஓடிப்போனது. கடைசியில் என் மனைவிதான் யாரிடமும் கேட்காமல் சாமி அலமாரியைத் திறந்து கையிருப்பு அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் சீக்கிரமே திரும்பி வந்தார். நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். என் மனைவி, நான், அப்பா மூன்று பேரும் இருந்தோம்.

"புரியற மாதிரி சொல்றேன். பாப்பா ரத்தத்துல கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு இருக்கணும். நாம தின்றதுல இருந்து ஒரு வைட்டமினை அது வெட்டி எடுத்துக் குடுக்கும். அது இருக்குதான்னு பாக்க, நாங்க ஒரு பொட்டலத்தக் குடுப்போம். வெட்டினா ஒளிரும், வெட்டாட்டி ஒளிராது. எத்தினி ஒளியோ அத்தினி கத்திரி. சென்னையில மொத்த ஒளியப் பாத்திருக்காங்க. நெறைய இருந்துது, நார்மல்னு போட்டுட்டாங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான் பண்ணுவாங்க, அது தப்பில்ல. நான் குழாய்ல விட்டு பிரிச்சேன். ஒளி வந்துது. ஆனா வர வேண்டிய நேரத்துல வரல. ரொம்ப லேட்டா வந்துது. அது கத்திரி வெட்டின ஒளி இல்ல. வேற யாரோ."

"வேற யாருன்னா?" என்றேன்.

"அத்தத்தான் தேடிகினு வந்தேன்."

ஜன்னலை எல்லாம் சாத்தச் சொன்னார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். பாப்பாவின் துணி, பவுடர் டப்பா, கொரியர் கவரோடு வாங்கிய கோந்து, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். அவர் பின்னாலேயே நாங்கள் மூன்று பேரும் போனோம். திருடனைத் தேடுகிறோமா, பேயைத் தேடுகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. சாமி அலமாரிக்கு வந்தபோது, பார்த்துப் பத்திரமாக எடுக்கட்டும் என்று அப்பா கதவைத் திறந்துவிட்டார். வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தது.

அப்பாவின் நகக்கண்கள் ஒளிர்ந்தன. பச்சையும் மஞ்சளுமாக, ஒவ்வொரு விரல் நுனியிலும்.

"இன்னாங்க ஐயா இது?"

"மஞ்சள்மா" என்றார் அப்பா. "வெறும் மஞ்சள்."

அட்டையில் மிச்சமிருந்த துண்டை லைட்டு மேடம் தன் பையிலிருந்து எடுத்து அதன்மேல் அடித்தார். மூலையில் வைத்த மஞ்சள் தண்ணியாக ஓடி, ரத்த வட்டத்துக்குள் இறங்கியிருந்தது. சாதாரண வெளிச்சத்தில் காய்ந்த ரத்தத்தின் கருப்பு அதை மறைத்திருந்தது. இப்போது வட்டத்தின் பாதி எரிந்தது.

அப்பா கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டார், புளி போட்டுத் தேய்த்தார். உள்ளே வந்து விரலை நீட்டி, "இப்ப அடிம்மா" என்றார். அவர் அடிக்கவில்லை. டார்ச்சைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"இதுவும் கெட்டுப்போன அட்ட. இத்த வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். புதுசா ரத்தம் எடுத்துக் குடுங்க. கூட என் ரத்தத்தையும் வெச்சுக்கறேன். ஒரே பொட்டியில, ஒரே பஸ்ஸுல வரட்டும். வெயில்ல கெட்டா ரெண்டும் சேந்து கெடும், அப்பத் தெரிஞ்சுரும்."

இதைக் கேட்டு எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் அன்றிரவு வேண்டிக்கொண்டதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாவின் ரத்தம் வழியில் கெட்டுப்போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருடையது கெட்டால் பாப்பாவுடையதும் வெயிலில் கெட்டதுதான் என்று ஆகிவிடும் அல்லவா? என் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று இன்னும் கொஞ்சநாள் இருக்கலாம். உதவி செய்ய வந்தவரையே சபிக்கிறோமே என்றும் இருந்தது. வேண்டுதலை நிறுத்தவும் முடியவில்லை.

கெடவில்லை. அவர் ஒரு காகிதத்தில் இரண்டு கோடு காட்டினார். ஒன்றில் குன்று மாதிரி எழும்பி இறங்கியது. "இது நானு." இன்னொன்று ஏறக்குறைய தரையோடு தரையாக ஓடியது. அதன்மேல் விரலை மட்டும் ஓட்டினார். என் மனைவிதான் கேட்டாள்.

"பாப்பாவுக்கு இல்லவே இல்லியாக்கா?"

"எங்க மிஷினுக்குத் தெரியற அளவுக்கு இல்ல" என்றார். அப்போதும் அவர் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

என் மனைவி அழுதாள். நான் அவரை அடிக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் மாதிரி அவசரப்பட்டார். "அழுதுகினு இருக்காத, கெளம்பு. டாக்டர்கிட்ட இத்தக் காட்டு. பயோட்டின்னு ஒரு மாத்தர. கத்திரி இல்லாட்டி இன்னா, அது வெட்டிக் குடுக்கற சாமானை நேரா குடுத்துரலாம். தெனம் குடுக்கணும். ஆயுசுக்கும் குடுக்கணும். அவ்ளோதான்."

பயோட்டின் என்பது எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் பெண்கள் முடி வளர வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை. என் தங்கையே ஒரு டப்பா வைத்திருந்தாள். அதைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தோம், டாக்டர் சொன்ன அளவில். அந்த வாரத்திலேயே இழுப்பு நின்றது. தோல் ஆறியது. பிறகு கழுத்து நின்றது. பூனைமுடி மாதிரி முடி முளைத்தது. கெட்டது என்று சொன்ன ரிப்போர்ட்டுதான் குழந்தையைக் காப்பாற்றியது, நல்லது என்று சொன்ன ரிப்போர்ட் கொன்றிருக்கும். நான் இதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சந்தோஷத்துக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வேன். அவருக்கு நன்றி சொல்லப் போனேன். "எனக்கு இன்னாத்துக்கு? மாத்தரைக்குச் சொல்லு" என்றார்.

காது விஷயம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. இந்தக் குறை காதையும் தாக்கும், எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் அனுப்பினார். பார்த்தார்கள். இரண்டு காதிலும் பெரும்பாலும் போய்விட்டது, இனி திரும்பாது, மெஷின் வைத்தால் கேட்கும், பேச்சு வரும் என்றார்கள். சோதனை செய்த பெண் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்: "மாத்திரை இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா காது நின்னிருக்கலாம்." அப்பாவும் எங்களோடு வந்திருந்தார்.

அன்றிலிருந்து அவர் பாப்பாவைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். சோற்றில் கை வைத்தால் குழம்பின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரத்தில் பாதி ஆளாகிவிட்டார். உங்களால் இல்லை என்று நானும் என் மனைவியும் சொல்லிப் பார்த்தோம். எங்கள் குரலில் தெம்பு இல்லை. ஏனென்றால் எனக்கு ஒன்று நினைவிருந்தது. சென்னைக்கு அட்டை அனுப்பின அந்த நாட்களில், குக்கர் விசில் அடித்தால் பாப்பா தூக்கிவாரிப் போட்டு அதிர்வாள். விசிலைக் கேட்டுத்தான் அதிர்ந்தாளா, இல்லை அதுவும் வலிப்பு இழுத்ததுதானா? நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் காபிக்காகக் கீழே வந்திருந்த லைட்டு மேடமும் அதைப் பார்த்திருக்கிறார். கேட்டாளா, இழுத்ததா என்று அன்றைக்கு அவரே என்னிடம் கேட்டார்.

அதனால்தான் அப்பா அவரிடம் போய்க் கேட்பதற்கு நான் பயந்தேன். ஒரு காலை நேரம், அவர் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்காகப் படியிறங்கி வந்தார். அப்பா படிக்குக் கீழே நின்றிருந்தார். வழிவிடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போம்மா. நா அந்த மஞ்சள வெக்காம இருந்தா, கொழந்தைக்குக் காது நின்னிருக்குமா?"

இவர் இப்போது யோசிப்பார், மேகம் தனி காற்று தனி என்று ஆரம்பிப்பார், அப்பா அதோடு முடிந்தார் என்று நினைத்தேன். குறுக்கே போகலாமா என்று ஓர் அடி எடுத்துக்கூட வைத்தேன்.

"நின்னிருக்காதுங்க ஐயா" என்றார். யோசிக்கவே இல்லை. "காது மொதல்லயே போயிடுச்சு. அட்ட அனுப்பறதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

அப்பா நம்பவில்லை. அவருக்கும் லைட்டு மேடத்தைத் தெரியும்.

"சும்மா சொல்லாதம்மா. நீ பிரிச்சுப் பாக்காம எதுவும் சொல்ல மாட்டியே."

"பாத்துட்டேங்க ஐயா. அந்த அட்டையிலயே தனியா பிரிச்சுப் பாத்துட்டேன். பாத்துட்டுதான் சொல்றேன்."

காய்ந்த ரத்தச் சொட்டிலிருந்து ஒரு காது எந்தத் தேதியில் போனது என்று சொல்கிற மிஷின் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமலா? நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பை வாரைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அப்பாவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அப்பா கொஞ்ச நேரம் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, பாப்பாவின் காதுக்குப் பின்னால் மெஷினை எப்படி மாட்டுவது என்று என் மனைவியிடம் கேட்டார்.